பைக்கால விழுந்த பிறகு இடப்பக்க முடக்கில கை இறுகுது: எங்கயிருந்து தொடங்கிறது?

உரும்பிராய்150 கேட்டது:

வணக்கம். பைக் பல்சர் 150. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம், பிறேக் பிடிக்கேக்க சில்லு இறுகாமல் தடுக்கிற ஏபிஎஸ் இல்லை. மூண்டு மாசத்துக்கு முதல் இடப்பக்கம் திரும்பிற முடக்கு ஒண்டில மணலில சறுக்கி விழுந்தது. வேகம் 35 அளவில. மணலைக் கண்டோடன முன் பிறேக் பிடிபட்டிட்டுது, முன் சில்லு வெட்டிக்கொண்டு போய் பைக் இடப்பக்கமாச் சரிஞ்சிட்டுது. இடது மணிக்கட்டில சுளுக்கு, முழங்காலில உரசல், அவ்வளவுதான்.

இப்ப திரும்ப ஓடுறன். நேர் றோட்டில பிரச்சினை இல்லை. வலப்பக்க முடக்கும் பரவாயில்லை. இடப்பக்கம் திரும்பேக்க மட்டும் ரெண்டு கையும் விறைச்சுப் போகுது. 15க்குக் குறைச்சாலும் பைக் நடுக்கோட்டுப் பக்கமாத்தான் அரக்கிக்கொண்டு போகுது.

"ஓட ஓடப் பயம் போயிடும்" எண்டுதான் எல்லாரும் சொல்லீனம். என்னத்தை, எவ்வளவு, எந்த ஒழுங்கில பழகிறது எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை. இன்னொண்டு, நேராப் போகேக்க ஹாண்டில் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி நிக்கிற மாதிரிக் கிடக்கு. அது மனப்பிரமையோ தெரியேல்லை. தை மாதம் மகியங்கனைப் பக்கம் 18 வளைவு எண்ட மலைப் பாதையால ஒரு பயணம் இருக்கு. அதுக்குள்ள தேறவேணும்.

பழைய_கராச்:

தம்பி, ஹாண்டில் திரும்பி நிக்குது எண்டால் அது பிரமை இல்லை. பைக்கைச் சரிபார்க்காமல் பயத்தைப் போக்கப் பழகிறது, ஓட்டை வாளியில தண்ணி அள்ளுற வேலை. கோணின பைக் முடக்கில ஒரு பக்கத்துக்கு ஒரு மாதிரி, மற்றப் பக்கத்துக்கு வேற மாதிரி நடக்கும். நீங்கள் அதைப் "பயம்" எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பியள்.

முதல் நூல் பிடிச்சுப் பாருங்கோ. வீட்டிலயே ஏலும். மேசன்மார் பாவிக்கிற நைலோன் நூல் ஒரு 6 மீற்றர் காணும். பின் ரயரின்ர பின்பக்கத்தில, நிலத்தில இருந்து ஒரு சாண் உயரத்தில நூலைச் சுத்தி, ரெண்டு பக்கத்தாலயும் முன் சில்லைத் தாண்டிக் கொண்டுவந்து ரெண்டு கல்லில கட்டுங்கோ. நூல் பின் ரயரின்ர முன் விளிம்பிலயும் பின் விளிம்பிலயும் மட்டுமட்டாத் தொடவேணும், அமத்தக்கூடாது. ஸ்ராண்டோ சைலென்சரோ நூலில முட்டுதோ எண்டும் பாருங்கோ. முட்டினால் அளவு பொய். இப்ப முன் சில்லை நேராக்கி ரெண்டு பக்க இடைவெளியையும் அடிமட்டத்தால அளவுங்கோ. முன் ரயர் 80/100-17, பின் ரயர் 100/90-17 எண்டால் முன்னுக்கு ரெண்டு பக்கமும் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் வரும். ஒரு பக்கம் 4, மற்றப் பக்கம் 16 எண்டு வந்தால் சில்லு ஒரே கோட்டில இல்லை. உடன சேசிஸ் போட்டுது எண்டு தலையில கை வைக்காதேங்கோ. செயின் இறுக்கிற இடத்தில ரெண்டு பக்கக் கோடும் ஒரே எண்ணில நிக்குதோ எண்டு முதல் பாருங்கோ. பாதிப் பிழை அங்கதான் இருக்கும்.

இடைவெளி சரி, ஹாண்டில் மட்டும் கோணல் எண்டால், விழுந்த அடியில ரெண்டு போர்க்கும் (முன் சில்லைப் பிடிச்சு நிக்கிற குழாய்கள்) கிளாம்புக்குள்ள முறுகி நிக்குது. இது லேசான வேலை. போர்க் ரியூப் மேல் கிளாம்பால எவ்வளவு நீட்டிக்கொண்டு நிக்குது எண்டு முதலே அளந்து எழுதி வையுங்கோ. அச்சு நட்டையும் மட்காட் போல்ட்டுகளையும் கீழ்க் கிளாம்பையும் இளக்கி, மேல் கிளாம்பை ஒரு சொட்டு மட்டும் இளக்குங்கோ. முழுக்க விட்டால் ரியூப் மேல ஏறிப் போயிடும். சில்லை ரெண்டு முழங்காலுக்கும் நடுவில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஹாண்டிலை நேராக்கி, கிளாம்புகளை இறுக்கி, முன்பக்கத்தை நாலைஞ்சு தரம் அமத்தி எழுப்பினாப் பிறகு அச்சு நட்டு. மட்காட் கடைசி. இதுக்கும் நேராகேல்லை எண்டால் ரியூப் வளைஞ்சிருக்கு. கழட்டிக் கண்ணாடித் துண்டில உருட்டினால் தெரிஞ்சிடும். மடிப்பு விழுந்த ரியூபை நிமித்தி ஓடாதேங்கோ, புதுசு போடுங்கோ.

பிறகு சென்ரர் ஸ்ராண்டில போட்டு, ஒராள் பின்னுக்கு அமத்த, முன் சில்லு நிலத்தை விட்டு எழும்பினாப்போல ஹாண்டிலை விரல் நுனியால ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்குத் திருப்புங்கோ. சரி நடுவில "டக்" எண்டு ஒரு பள்ளத்தில விழுந்து நிண்டால் ஹாண்டில் திரும்பிற கழுத்துப் பெயாறிங் பள்ளம் விழுந்திட்டுது. இப்பிடி இருந்தால் மெல்லச் சரிக்கேக்க பைக் முதல் அடம்பிடிக்கும், பிறகு டபக்கெண்டு விழும். பயம் வராமல் என்ன செய்யும்? இறுக்கிச் சரிப்படுத்த ஏலாது, செற்றா மாத்தவேணும்.

ஒயில் சீல் கசிஞ்சு டிஸ்கில எண்ணெய் பட்டிருக்கோ, இடப்பக்கக் கிளச் லீவர் வளைஞ்சிருக்கோ, இடப்பக்கக் கால் மிதி மேல மடிஞ்சிருக்கோ, றிம் சுத்தேக்க 2 மில்லிமீற்றருக்கு மேல ஆடுதோ, இதுகளையும் பாத்திடுங்கோ.

ரயரைப் பற்றித் தனியச் சொல்லவேணும். எங்கட ஊர் றோட்டு நேர். பலாலி வீதியிலயும் கண்டி வீதியிலயும் ஓடி ஓடிப் பின் ரயரின்ர நடு தட்டையாத் தேஞ்சிடும், கரை அப்பிடியே இருக்கும். பாக்க இன்னும் பூ இருக்குது, ஆனா குறுக்குவெட்டில அது வட்டமில்லை, பெட்டி. சரிக்கேக்க அந்த மூலையில ஏறி விழுகிற உணர்வு வரும், சறுக்குது எண்டு நினைப்பியள். ஒரு கடதாசி மட்டையை ரயரில குறுக்கா வைச்சு வளைவைப் பாருங்கோ. ரயர் கன்னத்தில நாலு இலக்கம் இருக்கும்: முதல் ரெண்டும் கிழமை, பின் ரெண்டும் ஆண்டு. அதையும் எழுதுங்கோ. காத்து தனிய ஓடேக்க முன் 25 பிஎஸ்ஐ, பின் 28. ஆள் ஏத்தினால் பின் 32. முன் ரயருக்கு 35 அடிச்சுப்போட்டு "பைக் வழுக்குது" எண்டு வாற ஆக்கள் கனபேர்.

வல்லைவெளி:

கராச் அண்ணை சொன்னதுக்குப் பிறகு வாறது இது.

நீங்கள் எழுதினதில முக்கியமான வரி "நடுக்கோட்டுப் பக்கமாத்தான் போகுது" எண்டது. நடை வேகத்தைத் தாண்டின பைக்கை இடப்பக்கம் திருப்பிறது, இடது பிடியை முன்னுக்குத் தள்ளித்தான். தள்ள, சில்லு ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், பைக் இடப்பக்கம் சரியும், பிறகு தானா இடப்பக்கம் வளையும். எல்லாரும் தெரியாமல் இதைத்தான் செய்யினம். பயத்தில ரெண்டு கையும் விறைச்சால் இடக்கை தள்ள வலக்கை விடாது. நோப்பட்ட இடக்கை பின்வாங்கினால் வலக்கைதான் வெல்லும். வலக்கை தள்ளினால் பைக் நிமிரும், வலப்பக்கம் போகும். ஆக, உங்கட பைக் நடுக்கோட்டுக்குப் போகேல்லை, நீங்கள் தள்ளி விடுறியள்.

அதோட கண். நடுக்கோட்டைப் பாத்துக்கொண்டிருந்தால் அங்கதான் போவியள். முடக்கின்ர வாயில வரேக்க நாடியைத் திருப்பி, வெளிய வாற இடத்தைத் தேடுங்கோ. கண்ணை மட்டும் உருட்டினால் காணாது, தலை திரும்பவேணும்.

இனிக் கணக்கு. சரிவு வேகத்தின்ர வர்க்கத்தோட ஏறும். 20 மீற்றர் ஆரையுள்ள முடக்கில 30இல போனால் சரிவு ஏறத்தாழ 20 பாகை. 40இல 32. 50இல 45. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு உலகம் மாறுது. நீங்கள் விழுந்த முடக்கும் அந்த அளவு எண்டு வைப்பம்: 35இல 26 பாகை. காய்ஞ்ச நல்ல தாரில 26 பாகை ஒரு பொருட்டே இல்லை. தாருக்கு மேல மணல் கிடந்தால், தாரில கிடைக்கிற பிடியில அரைவாசிகூட இராது. திரும்பிறதுக்கே அந்தப் பிடி மட்டுமட்டு. அதுக்கு மேல முன் பிறேக்கும் பங்கு கேட்டுது. கணக்கு முடிஞ்சுது, சில்லு போட்டுது. உங்களுக்குத் திரும்பத் தெரியாததால விழேல்லை. முடக்குக்கு வரமுதல் வேகம் கூட, அவ்வளவுதான். திருத்தவேண்டிய இடம் முடக்குக்கு 20 மீற்றர் முன்னுக்கு இருக்கு.

காணக்கூடிய தூரத்துக்குள்ள நிப்பாட்ட ஏலுமான வேகம்தான் சரியான வேகம். 40இல வாறவருக்குக் கண்டு பிறேக் பிடிக்க ஒரு செக்கன், அதில 11 மீற்றர். பிறகு நல்லாப் பிடிச்சால் இன்னொரு 9. மொத்தம் 20 மீற்றர். 50 எண்டால் 28. மதிலுக்கும் பனையோலை வேலிக்கும் நடுவில இருக்கிற ஒழுங்கை முடக்கில 20 மீற்றர் தெரியுமோ? கன இடத்தில 10கூடத் தெரியாது.

சின்னக்கடை:

ஏபிஎஸ் இல்லாத பைக்கில முன் பிறேக்கைத் தொடாமல் விடுறதுதான் புத்தி. பின் பிறேக் மட்டும் பாவியுங்கோ, ஒருநாளும் விழமாட்டியள்.

வல்லைவெளி:

சின்னக்கடை அண்ணை, குறை நினைக்காதேங்கோ, இது ஆளைக் கொல்லுற புத்திமதி. பிறேக் பிடிக்கேக்க பாரத்தில பெரும்பங்கு முன்னுக்கு வரும், பின் சில்லு லேசாகும். லேசான சில்லு இறுகிச் சறுக்கும். பின் பிறேக் மட்டும் பிடிச்சால் நிக்கிற தூரம் ரெண்டு மடங்குக்குக் கிட்டப் போகும். குறுக்க மாடு வந்தால் அந்த மிச்ச மீற்றருக்கு ஆர் பொறுப்பு?

முன் பிறேக்கில பிழை இல்லை. அதை அடிச்சுப் பிடிக்கிறதுதான் பிழை. பாரம் முன்னுக்கு வர ஒரு நேரம் வேணும். ரெண்டு விரலால லீவரைத் தொட்டு, முன் சொக் இறங்கிறதை உணர்ந்து, பிறகு இறுக்கவேணும். தோடம்பழம் பிழியிற மாதிரி. இதைப் பைக் நிமிர்ந்து நிக்கேக்க, முடக்குக்கு முன்னமே செய்து முடிக்கவேணும். சரிஞ்ச பிறகு முன் பிறேக்கை வெடுக்கெண்டு பிடிச்சால், நல்ல தாரெண்டால் பைக் நிமிர்ந்து வெளிய ஓடும், மணலெண்டால் விழும்.

அக்சிலேற்றரும் இதே கதைதான். பயத்தில நடு முடக்கில டக்கெண்டு மூடினால் பாரம் முன்னுக்குப் பாயும், பைக் இருந்த அமைதி குலையும். முடக்குக்கு முதல் வேகத்தைக் குறை, சரி, பிறகு ஒரு மயிரிழை அளவுக்குத் திறந்து அதே வேகத்தைப் பிடி. சரிஞ்சு போகேக்க வேகம் தானாக் குறையும், அதை ஈடுசெய்யத்தான் அந்த மயிரிழை. வெளிவாசல் தெரிஞ்ச பிறகுதான் மிச்சம்.

செம்மண்_தோட்டம்:

முறையெல்லாம் சரி. எங்கட தரையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. இடமும் காலமும் தெரிஞ்சால் பாதிப் பயம் காணாமல் போயிடும்.

காபெற் றோட்டில ஒழுங்கை வந்து ஏறுற வாயைப் பாருங்கோ. வாகனச் சில்லு இழுத்து வந்த மணலும் சல்லியும் விசிறி மாதிரிப் பரந்து கிடக்கும், கனமா இருக்கிறது இடப்பக்க உள்மூலையில. இடப்பக்கம் திரும்பிறவர் அந்த மூலையை வெட்டித்தான் திரும்புவார். ஆனபடியா உள்மூலையை வெட்டாமல், கார்ச் சில்லு ஓடித் துடைச்ச தடத்துக்கு வந்து பிந்தித் திரும்புங்கோ. பிந்தித் திரும்பினால் ஒழுங்கைக்குள்ள என்ன வருது எண்டும் முதலே தெரியும்.

கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் தோட்டத்தால ஏறுற லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) சில்லில செம்மண் கட்டியாக் கொண்டு வரும். காய்ஞ்சால் தூள். முதல் மழைத் தூறல் பட்டால் கிறீஸ். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தால் கழுவுப்பட்டிடும், முதல் அரை மணித்தியாலம்தான் கூடாது. நெல் வெட்டுக் காலத்தில றோட்டில காயப்போட்ட நெல்லுக்கு மேல திரும்பவே கூடாது, குண்டு போல உருளும். கோயில் வாசலில சிதறு தேங்காய் உடைச்ச இடமும் அப்பிடித்தான், இளநீர் ஈரமும் ஓடும்.

கனபேர் யோசிக்காத ஒண்டு ரயில் கடவை. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் பக்கம் பாதை றோட்டை ஒட்டிப் போகுது. றோட்டால ஒழுங்கைக்குள்ள திரும்பி முடியமுதலே தண்டவாளம் வந்திடும், நீங்கள் இன்னும் சரிஞ்சபடி. நனைஞ்ச இரும்பில சரிவு வேலை செய்யாது. முதலே நல்லாக் குறைச்சு, திரும்பி முடிச்சு, பைக்கை நிமித்தி, தண்டவாளத்தை முடிஞ்சளவு செங்குத்தா வெட்டிப் போங்கோ. அதுக்கு மேல நிக்கேக்க பிறேக்கும் வேண்டாம், றேஸும் வேண்டாம்.

வல்லை வெளியிலயும் பண்ணைப் பாலத்திலயும் சோளகக் காத்து பக்கத்தால அடிக்கேக்க பைக் தானாச் சரிஞ்சு போகும். அது சறுக்கல் இல்லை, பதறாதேங்கோ. மணற்காட்டுப் பக்கம் றோட்டுக்கு மேல மணல் ஏறிக் கிடந்தால் தூரத்தில கண்டு, நிமிர்ந்தபடி வேகத்தைக் குறைச்சு, நேரா ஏறி நேரா இறங்கவேணும். மணலுக்கு மேல ஒண்டும் செய்யாமல் இருக்கிறதும் ஒரு வித்தைதான்.

தசைநார்:

உடல் பக்கத்தில் இருந்து ஒரு விடயம். "சுளுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு மணிக்கட்டில் ஒரு சிறிய எலும்பு வெடித்திருந்தும் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. பத்துப் பதினான்கு நாள் கழித்து எடுத்த படத்தில்தான் தெரியும். பெருவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். அந்தக் குழியை அமுக்க நோகிறதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் நொந்தால் பயிற்சிகளை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டி இன்னொரு படம் எடுங்கள். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்து பொருந்தாமலே போகலாம்.

அங்கே நோவில்லை என்றால் பலத்தை அளந்து பாருங்கள். நிறை பார்க்கும் தராசை மதிலோடு நிமிர்த்திப் பிடித்து, தோள் மட்டத்துக்குக் கீழே, உள்ளங்கையால் ஐந்து செக்கன் தள்ளுங்கள். வலது எத்தனை கிலோ, இடது எத்தனை? இடது வலதின் பாதிக்குக் கிட்ட நின்றால், வல்லைவெளி சொன்ன அந்தத் தள்ளல் உங்களுக்கு ஏன் வரவில்லை என்பது விளங்கிவிடும். பைக்கைத் திருப்ப அதிக பலம் தேவையில்லை. ஆனால் நோகும் என்று எதிர்பார்க்கும் கை, நோவு வருமுன்பே பின்வாங்கிவிடும். ஈரத் துவாய் முறுக்குதல், மதிலில் கை ஊன்றித் தள்ளுதல், ரப்பர் பந்து அமுக்குதல், ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று சுற்று. குத்துகிற நோ வந்தால் நிறுத்த வேண்டும். தசை களைத்து வருகிற நோ பரவாயில்லை.

ஓடும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கவனியுங்கள். தாடை இறுகினால் தோள் இறுகும், தோள் இறுகினால் முழங்கை பூட்டிக்கொள்ளும். முடக்குக்கு முன்னர் மூச்சை நீளமாக வெளியே விட்டு முழங்கைகளைக் கோழி செட்டை அடிப்பதுபோல ஒருமுறை ஆட்டுங்கள். ஆடவில்லை என்றால் பிடி இறுக்கம். பாரத்தை முழங்கால் தாங்க வேண்டும், பெற்றோல் தாங்கியை முழங்காலால் அணைத்துக்கொள்ளுங்கள். பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தால் போதும்.

விழுந்த காட்சி நித்திரையில் திரும்பத் திரும்ப வருகிறது, பைக் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் அது பயிற்சியால் தீரும் விடயம் அல்ல. போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கதையுங்கள். தலைக்கவசம் நிலத்தில் அடிபட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். உள்ளே நசிந்த நுரை திரும்ப எழும்பாது, வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கும்.

வல்லைவெளி:

இனி ஒழுங்கு. அனுமதி கேட்டு எடுத்த, சுத்தமான, தார் அல்லது சீமெந்து போட்ட முற்றம் ஒண்டு வேணும். 40க்கு 40 மீற்றர் இருந்தால் நல்லம். பண்ணைக் கரையும் பொது றோட்டும் பழகிற இடமில்லை. தும்புத்தடியால ஒருக்காக் கூட்டி எடுங்கோ. குறி வைக்கத் தயிர்க் கோப்பையைக் கவிட்டு வையுங்கோ, ஏறினாலும் நசியும். சிரட்டையும் கல்லும் வேண்டாம், ஏறினால் உருளும்.

முதல் ரெண்டு நாளும் நேர்க்கோட்டில பிறேக் மட்டும். 20இல, பிறகு 30இல, பிறகு 40இல. ஒவ்வொண்டும் பத்துத் தரம். 30இல இருந்து 5 மீற்றர், 40இல இருந்து 9 மீற்றர் அளவில நிக்கப் பாருங்கோ. முன் சில்லு கீச்செண்டால் உடன விரலை விடுங்கோ, திரும்பப் பிடியுங்கோ. அந்த விடுறதுதான் விழுந்த அண்டைக்கு வராமல் போனது, அதைக் கை தானாச் செய்யிற வரைக்கும் பழகுங்கோ.

அடுத்தது வட்டம். நடுவில ஒரு ஆணி, 10 மீற்றர் கயிறு, நனைச்ச சோக். வட்டம் கீறியாச்சு. சுற்றளவு 63 மீற்றர் வரும். ஸ்பீடோமீற்றரைக் குனிஞ்சு பாக்காதேங்கோ, கண் கீழ போனால் பைக்கும் கீழ போகும். ஒராளை நிப்பாட்டி போனில நேரம் பிடியுங்கோ. ஒரு சுத்துக்கு 11 செக்கன் எண்டால் 20 கிலோமீற்றர், சரிவு 18 பாகை. 9 செக்கன் எண்டால் 25, சரிவு 26 பாகை. திரும்ப வாசிச்சுப் பாருங்கோ: 26. விழுந்த அண்டைக்கு இருந்த அதே சரிவு. மணல் இல்லாத தரையில, பிறேக் பிடிக்காத கையோட, அதே சரிவில ரயர் எப்பிடி ஒட்டிக்கொண்டு நிக்குது எண்டதை உடம்பு படிக்கவேண்டியது இங்கதான்.

நல்ல பக்கத்தில தொடங்குங்கோ, வலச்சுத்து அஞ்சு, இடச்சுத்து அஞ்சு. 14 செக்கனில தொடங்கி ஒரு நாளைக்கு ஒரு செக்கன் குறைச்சால் காணும். பார்வை வட்டத்தில கால்வாசி முன்னுக்கு இருக்கவேணும். ஒருக்கா 20 நிமிசம், கிழமைக்கு மூண்டு தரம். ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணித்தியாலம் ஒரேயடியா ஓடுறதில கடைசி ரெண்டு மணித்தியாலமும் பிழையைத்தான் பழகுவியள். ஒரு கோப்பை தட்டுப்பட்டால் பரவாயில்லை, அடுத்தடுத்து ரெண்டு தட்டினால் அண்டைக்குக் காணும்.

வட்டம் ரெண்டு பக்கமும் 10 செக்கனுக்கு வந்த பிறகு, 9 மீற்றருக்கு ஒண்டா ஆறு கோப்பை வைச்சு 25இல பாம்பு மாதிரிப் போங்கோ. இடம் போக இடப்பிடியைத் தள்ளு, வலம் போக வலப்பிடியைத் தள்ளு. உடம்பை ஆட்டாமல் கையால மட்டும். இடது கை மறந்ததை இது திரும்பச் சொல்லிக் குடுக்கும்.

பிறகுதான் றோட்டு. காலமை ஆறரைக்கு, காய்ஞ்ச நாளில, தெரிஞ்ச நாலு முடக்கு. முதல் நாள் நடந்து போய்ப் பாருங்கோ. விழுந்த முடக்கு கடைசி. இடப்பக்க முடக்கில உங்கட பாதியின்ர வலப்பக்கமா, நடுக்கோட்டுக்கு ஒரு மீற்றர் விட்டு வந்தால் உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு முதலே தெரியும். எதிர்ல பஸ் வந்தால் அந்த இடத்தை விட்டுக்குடுங்கோ, பார்வையைவிட உயிர் பெரிசு. வலப்பக்க முடக்கில இடப்பக்கமா நில்லுங்கோ. சில்லு கோட்டுக்குள்ள நிண்டாலும் சரிஞ்ச தலையும் தோளும் எதிர்ப்பக்கத்துக்குள்ள போயிருக்கும், இதைக் கனபேர் கவனிக்கிறேல்லை.

உரும்பிராய்150:

எல்லாருக்கும் நன்றி. நூல் பிடிச்சாச்சு. இடைவெளி இடது 10, வலது 9. போர்க்தான் முறுகி நிண்டது, இளக்கி இறுக்கினதில ஹாண்டில் நேராகிட்டுது. கழுத்துப் பெயாறிங் சுத்தம். குழியில நோ இல்லை. தராசில வலது 19 கிலோ, இடது 11. வட்டத்தில வலச்சுத்து 11 செக்கன், இடச்சுத்து 13க்குக் கீழ வருதில்லை, பின்னுக்கு எதோ ஏறி விழுகிற மாதிரி இருக்கு. பின் ரயரில 1917 எண்டு கிடக்கு. நடு தட்டைதான்.

பழைய_கராச்:

2017ஆம் ஆண்டு 19ஆம் கிழமை. தம்பி, அது ரயர் இல்லை, சிரட்டை. சுத்திறதை நிப்பாட்டிப்போட்டு முதல் அதை மாத்துங்கோ. ஏறி விழுகிறது பயமில்லை, ரயர்தான். புது ரயருக்கு மேல அச்சில ஒட்டாமல் இருக்கப் பூசின பசை இருக்கும், முதல் 150 கிலோமீற்றருக்கு மெல்லச் சரிச்சு ஓடுங்கோ.

வல்லைவெளி:

மாத்தின பிறகு இடச்சுத்தை 14இல இருந்து திரும்பத் தொடங்குங்கோ. இடக்கை 16 கிலோவுக்கு வந்தால் மிச்சம் தானா வரும்.

18 வளைவுக்குத் தையில போறதெண்டால் ரெண்டு விஷயம். இறங்கேக்க முடக்குக்கு முன்னமே ரெண்டாம் கியருக்கு வாங்கோ, கிளச்சைப் பிடிச்சுக்கொண்டு இறங்காதேங்கோ, எஞ்சின் பிடிக்கட்டும். மற்றது, கொண்டைமுடக்கில கீழ இருந்து ஏறுற பஸ் றோட்டின்ர முழு அகலத்தையும் எடுக்கும். சத்தம் கேட்டால் முடக்குக்கு வெளிய நிண்டு விட்டுப் போங்கோ. இடச்சுத்து 10 செக்கனுக்கு வரேல்லை எண்டால் மற்ற ஆக்களைப் போகச் சொல்லிப்போட்டு நீங்கள் பஸ்ஸில ஏறுங்கோ.

உரும்பிராய்150:

சரி அண்ணை. முன் ரயர் 2321. நடு தேயேல்லை. அது இருக்கட்டோ?

பழைய_கராச்:

இருக்கட்டும். காத்து 25.